ஒட்டாதீர்கள், கட்டுங்கள்: தோட்டத்துப் பொருளில் கிறிஸ்துமஸ் மாலை

தங்கச்சி,

நீங்கள் கேட்டது இது. தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தவரை அம்மா ஒவ்வொரு டிசம்பரிலும் கையாலேயே மாலை செய்து வீடு முழுக்கக் கட்டுவார். அம்மா இப்போது இல்லை. ரப்பர்த் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, நீங்களும் மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். போன வருடம் கிரேப் தாளில் செய்து பசைத் துப்பாக்கியால் ஒட்டிய மாலை, திருநாள் வருவதற்குள் பிய்ந்து விழுந்தது. சுவரில் சிவப்புக் கறை வேறு. எட்டடி ஜன்னலுக்கும் வாசலுக்கும் இந்த வருடம் எதில் செய்யலாம், எப்படிச் செய்யலாம், 7 வயதுப் பையனும் 10 வயதுப் பெண்ணும் எதில் கை கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். பூ கட்டுவது என் பிழைப்பு. மாரியம்மன் கோயிலுக்கும் கட்டுகிறேன், கல்யாணத்துக்கும் கட்டுகிறேன், டிசம்பர் வந்தால் எங்கள் தேவாலயத்துக் குடிலுக்கும் தோரணத்துக்கும் கட்டுகிறேன். அதனால் என் பதில் ஒரு பூக்கட்டுகிறவளின் பதிலாகத்தான் இருக்கும். முதலில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: ஒட்டாதீர்கள், கட்டுங்கள்.

ஏன் என்றால் நம் ஊர்க் காற்று அப்படி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சாயங்காலமானால் மழை. காற்றில் எப்போதும் ஈரம். தாள் அந்த ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துபோகும். பசைத் துப்பாக்கியில் வரும் பசை உண்மையில் உருகின பிளாஸ்டிக்தான். மழை இல்லாத மதியத்தில் முன்வாசல் ஜிங்க் கூரைக்கடியில் ஏறுகிற சூட்டில் அது இளகும், ராத்திரிக் குளிரில் இறுகும். நாலு நாள் இப்படி இளகி இறுகினால் வழுவழுப்பான எதிலும் பிடிப்பு விட்டுவிடும். முடிச்சுக்கு அந்தக் கவலை கிடையாது. நனைந்த நூல் முடிச்சு இன்னும் இறுகவே செய்யும். நம் ஆட்கள் ஆயிரம் வருடமாக ஈரப் பூவை ஈர நாரில் கட்டிப் பழகியவர்கள். கிறிஸ்துமஸ் மாலைக்கும் அந்தக் கைவேலைதான் பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் அம்மாவும் பெரும்பாலும் கட்டித்தான் இருப்பார். அந்தக் காலத்தில் லயத்தில் பசை என்றால் அடுப்பில் காய்ச்சிய மரவள்ளிமாவுக் கஞ்சிதான். தாளுக்கு அது போதும். இலைக்கும் கொட்டைக்கும் அது ஆகாது. எங்கள் வீட்டில் அப்பா ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கின் (கிண்ணத்தின்) அடியில் மிஞ்சிய பாலைக் கொஞ்சம் கொண்டுவந்து தருவார், தாள் வளையம் ஒட்டுவதற்கு. நன்றாகப் பிடிக்கும். ஆனால் சட்டையில் பட்டால் அந்தக் கறை சாகும்வரை போகாது.

சரி, முடிச்சு. இதை ஒருமுறை கை பழகிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். கொஞ்சம் தடித்த பருத்தி நூல் எடுங்கள், பச்சை நிறம் கிடைத்தால் நல்லது. வாழைநார் காய்ந்ததும் நொறுங்கும், அதை நாலு நாள் மாலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நூல் நுனியை ஜன்னல் கிரில்லில் கட்டிவிட்டு எதிரே உட்காருங்கள். மூன்று இலையைக் காம்பு சேர்த்து ஒரு கொத்தாக்கி, நூலின் மேல் வைத்து இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். வலது கை நூலைக் காம்பைச் சுற்றி ஒரு சுற்று இறுக்கி இழுக்க வேண்டும். பிறகு அதே நூலை வலது கை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் ஒரு கண்ணியாக எடுத்து, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி, அந்தக் கண்ணியைக் காம்புக்கு மேலாக மாட்டி இழுங்கள். ‘நறுக்’கென்று உட்காரும். அவ்வளவுதான். அடுத்த கொத்து முதல் கொத்தின் காம்பை மறைக்கிற மாதிரி, இரண்டு விரல் அகலம் தள்ளி. ஒரு கொத்தை வலப்பக்கம் சாய்த்தால் அடுத்ததை இடப்பக்கம் சாய்க்க வேண்டும்; எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைத்தால் மாலை முறுக்கிக்கொள்ளும். முதல் அடி நீளத்துக்கு அரைமணி நேரம் ஆகும், அதற்கப்புறம் பத்து நிமிடத்தில் ஒரு அடி போகும். உங்கள் பெண்ணுக்குப் பத்து வயது என்றால் இந்த முடிச்சு தாராளமாக வரும். நான் கற்றது எட்டு வயதில்.

எந்த இலை என்பதற்கு வருவோம். கிறிஸ்துமஸ் என்றதும் எல்லாரும் குளிர்நாட்டு ஊசியிலையைத்தான் நினைக்கிறார்கள். அங்கே டிசம்பரில் மற்ற மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது பச்சையாக இருப்பது அது மாதிரிச் சில மரம்தான், அதனால் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நமக்குப் பச்சைக்குப் பஞ்சமில்லை. நமக்கு வேண்டியது வாடாத இலை, நிறம் உள்ள இலை. என்னைக் கேட்டால் முதல் இடம் குரோட்டன்ஸுக்குத்தான். தோட்டத்தில் கிராணி (கணக்கர்) வீட்டு வேலி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை ஓரம், லயத்து முன்வாசல் எங்கும் இருந்த செடி. சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் ஒரே இலையில் இருக்கிறது; கிறிஸ்துமஸுக்கு இதைவிட வேறு என்ன நிறம் வேண்டும்? தடித்த இலை, வெட்டிக் கட்டினாலும் நிழலில் ஒரு வாரம் நிற்கும். முற்றின இலையாகப் பாருங்கள். தளிர் மறுநாளே சுருண்டுவிடும். சாயங்காலம் வெட்டி, ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் முழுக முக்கிவைத்து, காலையில் துடைத்துக் கட்டினால் ஆயுள் கூடும். ஒரே கவனம், குரோட்டன்ஸும் பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின் குடும்பம்தான். ஒடித்த காம்பில் வரும் பால் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும், துணியிலும் கறை படியும். பையன் கையில் ஒரு பழைய கையுறை மாட்டிவிடுங்கள்.

சவுக்கு இலை வேண்டும் என்று நிறையப் பேர் கேட்பார்கள், பார்ப்பதற்குப் பைன் மாதிரி இருப்பதால். மலாய்க்காரர்கள் ரூ என்று சொல்லும் மரம். அது பைன் கிடையாது. ஊசி போலத் தெரிவது இலையே அல்ல, மெல்லிய பச்சைக் குச்சி. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத செதிலாக இலை அதன் கணுவில் ஒட்டியிருக்கும். கணுவில் இழுத்தால் கழன்று வரும், பிள்ளைகளுக்குக் காட்டினால் ரசிப்பார்கள். காய்ந்தால் அதே கணுவில்தான் உதிரும். ஆகவே சவுக்கு மாலையை டிசம்பர் 22, 23-க்கு முன்னால் கட்ட வேண்டாம்; காலையில் தண்ணீர் தெளித்தால் புதுவருடம் வரை ஓட்டலாம். சாலையோர மரம் நகராண்மைக் கழகத்தினுடையது, வெட்டக் கூடாது. தெரிந்தவர் வீட்டு மரத்தில் கேட்டு வாங்குங்கள். கடற்கரைக்குப் போனால் சவுக்கின் கீழே கொட்டிக் கிடக்கும் குட்டிக் காய்களைப் பொறுக்கி வாருங்கள். நெல்லிக்காயைவிடச் சிறியவை, அச்சு அசல் பைன் காய் மாதிரி இருக்கும், வருடக்கணக்கில் கெடாது.

தென்னங்குருத்துத் தோரணத்தை நீங்கள் மறந்துவிட்டீர்களோ என்று தோன்றியது, கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குருத்தோலை ஞாயிறுக்கு நாம் கோயிலில் பிடிக்கும் அதே ஓலைதான். கிளி, பூட்டு, நட்சத்திரம் என்று மடிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம் டவுனில் இருக்கிறார்கள். குருத்து மூன்று நாள்தான் வெண்மஞ்சளாக இருக்கும், பிறகு பழுப்பாகும். 24-ஆம் தேதி காலையில் கட்டினால் நள்ளிரவுப் பூசைக்குப் போய்த் திரும்பும்போது வாசலில் புத்தம் புதிதாக இருக்கும். கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி இருக்கிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தோரணம் கட்டாமல் வேறு எந்த வீட்டுக்குக் கட்டுவது?

ஆனால் ஜன்னலுக்கு நீங்கள் கேட்டது ஒரு நாள் மாலை இல்லை, வருடா வருடம் எடுத்துக் கட்டுகிற மாலை. அதற்கு என் பதில் ரப்பர் கொட்டை.

சிரிக்காமல் கேளுங்கள். பால்மரம் வருடத் தொடக்கத்தில் இலையுதிர்த்து, துளிர்த்து, பூத்து, காய் முற்ற ஐந்தாறு மாதம் எடுக்கும். நம் பக்கத்தில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வெயில் ஏறும் நேரம் காய் ‘டப்’பென்று வெடிக்கும். மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. அந்தக் கொட்டையின் ஓட்டைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா, சின்ன வயதுக்கு அப்புறம்? வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில் காப்பிக்கொட்டை நிறப் புள்ளியும் கோடும். ஒன்று மாதிரி இன்னொன்று இராது. துணியால் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேய்த்தால் மெருகு போட்ட மரம் மாதிரி மின்னும். நாம் அதைத் தரையில் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றி அடுத்தவர் கையில் வைத்து அலறவிட்டிருக்கிறோம், அதன் அழகைப் பார்த்ததில்லை. நமக்குப் பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. பிரேசிலிலிருந்து லண்டன் போய், அங்கே முளைத்து, கப்பலேறி வந்த கன்றுகளில் ஒன்று. நம் தாத்தா பாட்டி கடல் தாண்டி இங்கே வந்ததற்கு இந்தக் கொட்டைதான் காரணம். அது நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஜன்னலில் தொங்குவது சரியான இடம் என்று நான் நினைக்கிறேன்.

செய்முறை. சின்னத் தோட்டக்காரர் யாராவது இன்னும் பால்மரம் வைத்திருந்தால் கேட்டுவிட்டுப் பொறுக்குங்கள். இப்போது நவம்பர் என்பதால் தரையில் கிடப்பதில் பாதி முளைத்தோ புழுத்தோ இருக்கும். தூக்கிப் பார்த்து, கனமாகவும் ஓட்டில் துளை இல்லாததாகவும் உள்ளதைப் பொறுக்குங்கள். கழுவி, மூன்று நான்கு வெயில் காயவிடுங்கள். ஆட்டிப் பார்த்தால் உள்ளே பருப்பு கடகடவென்று ஆடும், அதுதான் பதம். துளை போடுவதுதான் கஷ்டமான பகுதி. கையில் பிடித்துக்கொண்டு ஒருநாளும் துளைக்காதீர்கள், வழுக்கும். ஒரு கட்டைப் பலகையில் கொட்டை பாதி உட்காரும் அளவு குழி தோண்டி, அதில் வைத்து, ஒரு பழைய துணியைச் சுற்றி இடுக்கியால் பிடித்து, 2 மில்லிமீட்டர் ஊசி போட்ட கைத்துளைப்பானால் மெதுவாகத் துளைக்க வேண்டும். ஆணி அடித்தால் ஓடு விரியும். இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும், பிள்ளைகள் கோர்க்கட்டும். நீளவாக்கில் கோர்த்தால் ஒரு மீட்டருக்கு நாற்பதிலிருந்து ஐம்பது கொட்டை பிடிக்கும். நான் அப்படி நெருக்கிக் கோர்ப்பதில்லை. மூன்று கொட்டை, ஒரு முடிச்சு, பிறகு நான்கு விரல் இடைவெளியில் சிவப்புத் துணியில் ஒரு சின்னக் குஞ்சம் அல்லது இரண்டு சவுக்குக் காய், மறுபடி மூன்று கொட்டை. இப்படிக் கட்டினால் எடையும் குறையும், கண்ணுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். நூல் இங்கே பருத்தி வேண்டாம், மீன் தூண்டில் நரம்பு அல்லது மெழுகு பூசிய நூல்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். பச்சை ரப்பர் கொட்டைப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தொடுவதால் ஒன்றும் ஆகாது, தின்னக் கூடாது. ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒருமுறை தெளிவாகச் சொன்னால் புரிந்துகொள்வான். வீட்டுக்குத் தவழும் குழந்தை வந்துபோகும் என்றால் மாலையைக் கைக்கெட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

சிவப்பு மணி வேண்டும் என்பவர்களுக்கு சாகா விதை இருக்கிறது. பள்ளிக்கூடத் திடலில், சாலையோரத்தில் அந்த மரம் உண்டு. முழுச் சிவப்பாக, பளபளவென்று, லேசாக இதய வடிவில் இருக்கும். ஆனைக்குன்றிமணி என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஓடு மிகக் கெட்டி என்பதால் துளைப்பது லேசில்லை. நான் துளைப்பதில்லை, சின்ன வலைத்துணியில் பத்துப் பதினைந்து விதையை முடிந்து, பெர்ரிப் பழக் கொத்து மாதிரி மாலையில் கட்டிவிடுவேன். ஆனால் சிவப்பில் கறுப்புக் கண் இருந்தால் அது வேறு, அது குன்றிமணி. அதன் ஓடு உடைந்து உள்ளே போனால் உயிரையே எடுக்கும் கடும் விஷம். அதைத் துளைக்கவும் வேண்டாம், வீட்டுக்குள் கொண்டுவரவும் வேண்டாம், அழகாக இருக்கிறது என்பதற்காக ஒன்றிரண்டு கூட.

செம்பனைப் பக்கம் வசிக்கிறவர்கள் உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் செய்யலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். உதிரி தோட்டத்துக்குச் சொந்தம், எடை போட்டுக் கணக்கில் வரும் பொருள். அதை எடுத்தால் திருட்டுத்தான். அது எண்ணெய் கசிந்து எறும்பையும் கூட்டும். வெட்டிப் போட்ட மட்டையிலிருந்து ஈர்க்கு மட்டும், அதுவும் கேட்டுவிட்டு எடுக்கலாம். ஈர்க்கை ஐந்தாக ஒடித்து முனைகளை நூலால் கட்டினால் நட்சத்திரம். இதுதான் உங்கள் பையனுக்கு நான் கொடுக்க நினைக்கும் வேலை. ஒரு நாளில் இருபது கட்டிவிடுவான், கோணல்மாணலாக இருந்தாலும் மாலையில் தொங்கும்போது நன்றாகவே இருக்கும்.

அடுத்து தாள். தாளை நான் வெறுக்கவில்லை, வீட்டுக்குள் கட்டினால் தாள் மாலைக்கு நிகர் இல்லை. வெளியே மட்டும் வேண்டாம், அதிலும் கிரேப் தாள் வேண்டவே வேண்டாம். அதன் சாயம் தண்ணீர் பட்டதும் இறங்கும். ஒரு வருடம் எங்கள் தேவாலயத்து முகப்பில் சிவப்பும் பச்சையுமாக நான்தான் கட்டினேன்; 23-ஆம் தேதி சாயங்கால மழையில் வெள்ளைச் சுவர் முழுக்கச் சிவப்புத் தாரை இறங்கியது. அன்று இரவு பத்து மணிவரை வாளியும் துணியுமாக இளைஞர் மன்றப் பிள்ளைகள் என்னோடு நின்று துடைத்தார்கள். முழுவதும் போகவில்லை, ஜனவரியில் வெள்ளையடித்தார்கள். உங்கள் சுவர்க் கறையையும் தேய்த்துத் தேய்த்துப் பெரிதாக்காதீர்கள். நன்றாகக் காயவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் கறை மறைக்கும் அடிப்பூச்சு கொடுத்துவிட்டு மேலே சாயம் பூசினால்தான் மறுபடி ஊறி வராது.

தாள் வளையச் சங்கிலிக்குக் கணக்கு எளிது. ஏ4 தாளைக் குறுக்கே 2 சென்டிமீட்டர் அகலத்தில் நறுக்கினால் 21 சென்டிமீட்டர் நீளத்தில் 14 பட்டை வரும். ஒன்றரை சென்டிமீட்டர் மேலேறி ஒட்டினால் வளையத்தின் குறுக்களவு ஆறு சென்டிமீட்டர் சொச்சம். ஆக ஒரு தாளுக்கு முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சங்கிலி. நான்கு மீட்டருக்கு ஐந்து தாள் போதும். இதில்கூட ஒட்டாமல் சிறிய ஸ்டேப்ளர் போடுங்கள் என்பேன். பழைய காலண்டர் தாள், பரிசுப் பொட்டலத் தாள் இரண்டும் வழுவழுப்பானவை, ஈரத்தைக் குடிப்பது குறைவு. அம்மா செய்தது இழுத்தால் வலையாக விரியும் தோரணம் என்றால், அது பட்டம் செய்யும் மெல்லிய தாள். ஒரு சாண் அகலப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கமிருந்து ஒரு வெட்டு, திறந்த பக்கமிருந்து ஒரு வெட்டு, மாற்றி மாற்றி, விரல் அகல இடைவெளியில். ஒவ்வொரு வெட்டும் மறுகரைக்கு ஒரு விரல் அகலம் முன்னால் நிற்க வேண்டும், கரையைத் தாண்டினால் துண்டாகிவிடும். மெதுவாகப் பிரித்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் சரசரவென்று நீளும். அந்தச் சத்தம் கேட்டால் உங்களுக்கு அம்மா ஞாபகம் வரும்.

அளவைப் பற்றி. மாலை நேராக நின்றால் அழகில்லை, தொய்ய வேண்டும்; தொய்வுக்கு எவ்வளவு கூடுதல் என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். எட்டடி ஜன்னலுக்கு நடுவில் ஒரு கட்டுப் போட்டு இரண்டு தொய்வாக, ஒவ்வொன்றும் ஒரு அடி இறங்குகிற மாதிரி வைத்தால் மேல் நீளம் ஒன்பதேகால் அடி; இரண்டு பக்கமும் ஒன்றரை அடி தொங்கவிட்டால் மொத்தம் பன்னிரண்டேகால். கணக்குப் போட மனமில்லை என்றால் ராஃபியாக் கயிறு ஒன்றை நீங்கள் நினைக்கிறபடி கட்டிப் பார்த்து, பிடித்த மாதிரி வந்ததும் அவிழ்த்து அளந்துவிடுங்கள். நான் இன்னமும் அப்படித்தான் செய்கிறேன். வாசல் மூன்றடி அகலம் ஏழடி உயரம் என்றால் சுற்றிவர பதினேழு அடி.

ஆணி அடிக்க வேண்டாம். தாமான் வீட்டில் எங்கே பார்த்தாலும் கிரில் இருக்கிறது, அதைவிட நல்ல கொக்கி எது? துணிப்பட்டையால் கட்டுங்கள், கம்பி போட்டால் சாயம் உரியும், உரிந்த இடம் துருவேறும். வாசல் கிரில்லில் நகரும் பாதியை விட்டுவிட்டு நிற்கும் பாதியில் மட்டும் கட்ட வேண்டும். சுவரில் ஒட்டும் கொக்கியை நம்பி ரப்பர் கொட்டை மாலையைத் தொங்கவிடாதீர்கள். மூன்று மீட்டர் நெருக்கிக் கோர்த்தால் முக்கால் கிலோவை நெருங்கும்.

வாசல் வளையத்துக்கு ரோத்தான், அதாவது பிரம்பு. மளிகைக் கடையில் கிடைக்கும் மெல்லிய ரோத்தானை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் வளையும். மூன்று சுற்றுச் சுற்றி நான்கு இடத்தில் கட்டிக் காயவிட்டால் வருடக்கணக்கில் உழைக்கும் சட்டம் தயார். மேலே அந்தந்த வருடத்து இலையைக் கட்டிக்கொள்ளலாம். நான்கு மெழுகுவத்தி வைக்கிற திருவருகைக்கால வளையமும் இதே சட்டத்தில்தான் எங்கள் வீட்டில். ஜெர்மனியின் ஹம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகள் இல்லம் நடத்திய விக்கர்ன் என்ற லுத்தரன் போதகர் 1839-இல் ஒரு பெரிய சக்கரத்தில் மெழுகுவத்தி வைத்து, கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்கு நாளை எண்ணக் காட்டினார்; அதிலிருந்து வந்ததுதான் இன்று நாம் வைப்பது. மெழுகுவத்தி ஏற்றும் வளையத்தில் சவுக்கு வைக்காதீர்கள், காய்ந்த சவுக்கு நெருப்பைப் பட்டென்று பிடிக்கும். குரோட்டன்ஸ் வையுங்கள், பூசை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

மின்விளக்கு சேர்ப்பதானால் பேட்டரியில் எரியும் எல்இடி சரம் போதும், சூடேறாது. சுவரில் செருகும் வகை வாங்கினால் சிரிம் என்ற தரச்சான்று முத்திரை பார்த்து வாங்குங்கள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பழைய குமிழ்ச் சரத்தைத் தாள் மாலைக்குள் விடவே கூடாது.

ஆரஞ்சு வில்லை, பட்டை, அன்னாசிப்பூ கோர்த்த மாலையைக் காணொளியில் பார்த்து ஆசைப்பட்டு என்னிடம் கேட்பவர்கள் அதிகம். அன்னாசிப்பூவும் பட்டையும் அருமை, மழைநாளில் வீடே மணக்கும். ஆரஞ்சு நம் ஊருக்கு ஒத்துவராது. அடுப்பில் மணிக்கணக்காக உலர்த்தி எடுத்தாலும் இரண்டு நாளில் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும், பிறகு பூஞ்சை, பிறகு எறும்பு. சோளப்பொரி கோர்ப்பதும் அப்படித்தான். முறுக்கும் அதிரசமும் தட்டில் இருக்கிற வீட்டில் சுவரிலும் எறும்புக்கு விருந்து எதற்கு?

இன்றைய தேதியிலிருந்து வேலையைப் பிரித்துச் சொல்கிறேன். இந்த வாரம் கொட்டை, சவுக்குக் காய், சாகா விதை பொறுக்கிக் காயப்போடுங்கள். திருவருகைக் காலம் தொடங்கும் ஞாயிறுக்குள் ரோத்தான் வளையம் தயாராகட்டும். டிசம்பர் முதல் இரண்டு வாரம் பிள்ளைகளோடு கோர்ப்பதும் தாள் வெட்டுவதும். பள்ளி விடுமுறை இருந்தால் மாலை நேரம் போவதே தெரியாது. 22-ஆம் தேதி குரோட்டன்ஸ் கட்டலாம், 24 காலையில் குருத்தோலை. போன வருடம் வாங்கிய பிளாஸ்டிக் பைன் மாலை மொட்டையாகிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எறிய வேண்டாம், அதையே உள்கயிறாக வைத்து மேலே குரோட்டன்ஸ் கட்டுங்கள். பாதி நேரம் மிச்சம்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்து அவிழ்க்கும்போது இலையை நறுக்கிப் பூச்சட்டியில் போடுங்கள். கொட்டை மாலையை உடனே பெட்டியில் அடைக்காமல் ஒருநாள் வெயிலில் போட்டு, ஆறவிட்டு, ஒரு அட்டையில் சிக்கில்லாமல் சுற்றி, பிஸ்கட் டின்னில் வையுங்கள். மருந்துப் புட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து நான்கைந்தை உள்ளே போட வேண்டும். ஜூன் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மாவு மாதிரித் தூள் உதிர்ந்திருந்தால் ஏதோ ஒரு கொட்டையில் வண்டு ஏறியிருக்கிறது. அதை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு மற்றதை மறுபடி வெயிலில் போடுங்கள். அறுத்த இடத்துக்கு ஆகஸ்டில் புதுக்கொட்டை விழும்.